ஊர்ப் பாடசாலைக்கு ஊர் ஆசிரியர்: ஒரு வழக்குப் பாடம்

“வெளியூர் ஆசிரியர் வருவார், இடமாற்றம் எடுத்துப் போவார், எங்கள் பிள்ளைகளையே நியமித்தால் என்ன?” ஓட்டமாவடிப் பக்கத்திலும் இப்பேச்சு உண்டு.

இந்தியாவில் ஆந்திர அரசு 10.01.2000 இல் அதைத்தான் செய்தது. பழங்குடிப் பிரதேசப் பாடசாலைகளின் ஆசிரியர் பதவிகள் 100 வீதமும் உள்ளூர்ப் பழங்குடியினருக்கே என்றது. வெளியாசிரியர்கள் ஒழுங்காகப் பாடசாலைக்கு வராமையே காரணம். நோக்கம் நல்லதுதான். ஆனால் 26.01.1950 முதல் அங்கேயே வசித்த குடும்பத்தவரே ‘உள்ளூர்’ என்றதால், பின்னர் குடியேறிய பழங்குடியினரும் வெளியே நின்றார்கள். 22.04.2020 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 5 நீதியரசர்கள் ஆணையை இரத்துச் செய்தனர்: ஒதுக்கலாம், முழுவதையும் ஒதுக்கலாகாது. இனி 50 வீதத்தை மீறக்கூடாதென்ற நிபந்தனையுடன், ஏற்கெனவே நியமனம் பெற்றவர்களை விட்டுவைத்தனர்.

எமது அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை, பிறப்பிடத்தைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. விசேட ஏற்பாட்டுக்கு 12(4) பெயர் சொல்வது பெண்கள், பிள்ளைகள், வலுவிழந்தோரை மட்டுமே. ஆகவே ‘எங்கள் ஊருக்கே’ என்று கேட்கும்போது நிதானம் வேண்டும்.

நியமனத்தில் பாகுபாடு நடந்ததென்று கருதுபவர், ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள நாட்கள் கணக்கில் சேரா. கடிதம் வந்த தபால் உறையையும் எறியாதீர்கள். திகதி அதிலேதான் இருக்கிறது.