நிரலுக்கும் வேண்டும் இன்னொரு கண்

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும்போது, "எழுதியவளே பிழை திருத்தாதே, பக்கத்துப் பெண்ணிடம் கொடு" என்று எங்கள் தமிழாசிரியை கூறுவது வழக்கம். எழுதியவளின் கண் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை. தான் எழுத நினைத்ததைப் படிக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்பவர் ஒருவர், மெய்ப்புப் பார்ப்பவர் இன்னொருவர். கணினி நிரலுக்கும் இது பொருந்தும் என்பதை நாங்கள் சற்று வருத்தத்தோடுதான் கற்றுக்கொண்டோம்.

சென்ற விளையாட்டு விழாவில் அணிகளின் புள்ளிகளைக் கூட்டப் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினோம். முதல் நாள் மாலை எங்களுள் ஒருத்தி ஒரு வரியை மாற்றினாள், எவரிடமும் காட்டவில்லை. போட்டிகள் எட்டு. அவள் 1, 8 என்று எல்லை கொடுத்தாள். பைத்தானில் 'ரேஞ்ச்' கடைசி எண்ணைத் தொடாமல் நின்றுவிடும். ஏழு போட்டிகளே கூடின. தொடர் ஓட்டம் விட்டுப் போயிற்று. கேடயம் வேறு அணிக்குச் சென்றது. மறுநாள் அதைத் திரும்ப வாங்கி உரியவர்களிடம் கொடுத்தபோது இரண்டு அணியினருமே அழுதனர்.

இதே போன்றது உலக அளவிலும் நடந்திருக்கிறது. இணையதளங்களுக்கு நாம் அனுப்பும் கடவுச்சொல்லை வழியில் எவரும் படிக்காதபடி பூட்டி அனுப்புவது 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்னும் திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். 2011 டிசம்பர் 31 இரவு அதில் ஒரு புதிய வசதி சேர்ந்தது. ஒரு கணினி, 'இருக்கிறாயா?' என்று கேட்பதுபோல் ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மறு கணினி அச்சொல்லைத் திருப்பி அனுப்பும். கூறிய நீளம் உண்மைதானா என்று பார்க்கும் வரி மட்டும் விடுபட்டது. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு ஏறத்தாழ 64,000 எழுத்து என்று பொய் சொன்னால், கணினி தன் நினைவகத்தில் அருகே கிடந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும்! 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட இப்பிழை 2014 ஏப்ரல் 7 அன்றுதான் வெளியாயிற்று. கனடா நாட்டு வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் அடையாள எண்கள் களவு போயின.

அந்த நிரலை எவரும் பார்க்கவில்லையா? ஒருவர் பார்த்தார்; அவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. உலகமே நம்பியிருந்த அத்திட்டத்தில் அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்று அறியும்போது குறை சொல்ல மனம் வரவில்லை. அதன்பின், எழுதியவரல்லாத குழு உறுப்பினர் ஒப்புதல் தராமல் எந்த மாற்றமும் சேராது என்று விதி செய்தார்கள்.

அப்பாச்சி திட்டங்களில் 'பார்த்தபின் சேர்' என்ற முறையும் உண்டு, 'சேர்த்தபின் பார்' என்ற முறையும் உண்டு. பின்னது வேலையை விரைவாக்கும். ஆயினும் கேடயம் கைமாறியதைக் கண்ட எங்களுக்கு முன்னதே பிடித்திருக்கிறது.

இப்போது எங்கள் கணினி அறையில் மாற்றத்தைப் பத்துப் பதினைந்து வரிக்குள் கொடுக்க வேண்டும். இருநூறு வரியை நீட்டினால் பார்ப்பவள் படிக்காமலே தலையாட்டிவிடுவாள் (நாங்களே அப்படித் தலையாட்டியவர்கள்தாம்). "நீ தப்பு செய்தாய்" என்று கூறக் கூடாது; "இந்த வரி எட்டாவது போட்டியை எண்ணுமா?" என்றே கேட்க வேண்டும். விதி வந்தபின் முதலில் திருப்பி அனுப்பப்பட்டது வகுப்புத் தலைவியின் நிரல். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் திருத்திக் கொண்டு வந்தாள். இக்கட்டுரையைப் படித்துப் பார்த்தவளும் அவளே; ஐந்து பிழை கண்டாள்.

— பத்தாம் வகுப்பு மாணவியர், நங்கநல்லூர்