உழவு இயந்திரத்தின் சுக்கானும் முன்னச்சும்: பழுதறிதலும் திருத்தலும்

நாற்சக்கர உழவு இயந்திரம் வயலிலும் வீதியிலும் ஒருங்கே பயன்படுவது. ஸ்ரியரிங் எனப்படும் சுக்கான் தளர்ந்திருப்பின், வயலில் உழவுச்சால் கோணும். அதனால் வரும் நட்டம் சிறிது. ஆனால் அதே தளர்வுடன், நெல் மூடைகள் ஏற்றிய இழுவைப் பெட்டியைப் பூட்டிக் குளக்கட்டின்மீது செல்லும்போது உயிர்ச்சேதமே நேரிடலாம். பெரும்போக மழை தொடங்கியபின் இயந்திரம் பழுதுற்று நிற்குமாயின், நிலம் பண்படுத்தும் காலமும் கைதவறிப்போகும். ஆகையால் போகத்துக்கு முன்னரே முன்பகுதியைச் சோதித்துத் திருத்திக் கொள்ளுதல் கமக்காரர் கடமையாகும்.

சுக்கான் தளர்ந்தவுடன் சுக்கான் பெட்டியை இறுக்குவது பலரிடமுள்ள வழக்கம். இது தவறு. தளர்வு பெரும்பாலும் சக்கரத்துக்கு அண்மையிலுள்ள உறுப்புகளிலேயே தோன்றும். எனவே சோதனையை நிலத்திலிருந்து மேல்நோக்கிச் செய்தல் வேண்டும். பெட்டியைக் கடைசியிலேயே தொடுதல் வேண்டும்.

முன்பகுதியின் அமைப்பு

முன்னச்சு, தன் நடுவிலுள்ள ஒரு பெரிய ஆணியில் ஊஞ்சல்போல் அசைகின்றது. மேடு பள்ளங்களில் இரு சக்கரங்களும் நிலத்திற் படிவது இதனாலேயே. அச்சின் இரு முனைகளிலும் செங்குத்தாக நிற்கும் தண்டுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன. கராச்சுகளில் இத்தண்டினைக் கிங்பின் என்பர். சுக்கான் பெட்டியிலிருந்து வரும் கோல்கள் இத்தண்டுகளின் கைகளோடு குண்டு மூட்டுகளால் இணைக்கப்பட்டுள்ளன. மசி பெர்கசன் 35, 135 ஆகியவற்றின் சாதாரண வகைகளில் இடப்பக்கத்துக்கு ஒரு கோலும் வலப்பக்கத்துக்கு ஒரு கோலும் தனித்தனியே உண்டு.

பழுதின் அறிகுறிகள்

1. சக்கரங்கள் திரும்பத் தொடங்குமுன் சுக்கான் வளையம் அதன் விளிம்பில் 5 சென்றிமீற்றருக்கு மேல் வெறுமனே அசைதல்.
2. நேர்வீதியில் இயந்திரம் ஒருபக்கமாக இழுத்தல், அல்லது இருபக்கமும் அலைதல்.
3. வேகம் கூடும்போது முன்சக்கரங்கள் நடுங்குதல்.
4. சுக்கான் கடினமாகத் திரும்புதல், அல்லது திருப்பத்தின்பின் இறுகி நிற்றல்.
5. முன் ரயர்கள் ஒருபுறமாகத் தேய்தல்.

சோதனைக்கு ஆயத்தஞ் செய்தல்

இயந்திரத்தைச் சமமான கடின தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, தரிப்புத் தடையை இடுக. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை வைக்குக. அச்சின் ஒருபக்கத்தை ஜாக்கினால் உயர்த்தியபின், அச்சின்கீழ் உறுதியான மரக்குற்றியையோ இரும்புத் தாங்கியையோ வைத்தல் வேண்டும். செங்கல் உடையும், ஜாக் சரியும். இவற்றை மட்டும் நம்பி இயந்திரத்தின் கீழே எவரும் புகுதலாகாது.

சோதிக்கும் ஒழுங்கு

முதலாவது, ரயர். இரு முன் ரயர்களிலும் காற்று சமமாகவும் கைந்நூலிற் கூறிய அளவிலும் உள்ளதா எனப் பார்க்குக. ஒரு ரயரிற் காற்றுக் குறைந்தாலே இயந்திரம் அப்பக்கம் இழுக்கும். சக்கர நட்டுகளையும் இறுக்குக.

இரண்டாவது, சக்கரப் பெயறிங். உயர்த்திய சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைக்குக. குடம் மட்டும் ஆடுமாயின் பழுது பெயறிங்கில் உள்ளது. குடத்தைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவுக. உருளைகளிற் குழியோ நீலம்பாய்ந்த நிறமோ காணப்படின் புதியன இடுக. கிறீஸ் பால்போல் வெளுத்திருப்பின் ஒயில் சீல் வழியாக வயல்நீர் புகுந்துள்ளது, சீலையும் மாற்றுக. மீண்டும் பூட்டும்போது, சக்கரத்தைச் சுழற்றியவாறே நட்டை இறுக்கி, சிறிது பிடிப்பு உண்டானதும், பிளவூசித் துவாரம் பொருந்தும்வரை பின்னோக்கித் தளர்த்துக. பிளவூசி எப்பொழுதும் புதியதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கிங்பின். மேற்கூறியவாறு அசைக்கையிற் குடத்தோடு தண்டும் சேர்ந்தாடுமாயின் அதனைத் தாங்கும் புஷ் தேய்ந்துள்ளது. புஷ்ஷைப் புதிதாக இடுக. சக்கரம் உயர்ந்து நிற்கும் நிலையிற் கிறீஸ் செலுத்தினால், பாரந் தாங்கும் இடத்துக்கும் அது செல்லும்.

நான்காவது, குண்டு மூட்டுகள். சக்கரங்கள் நிலத்திலிருக்க, ஒருவர் சுக்கானை இடமும் வலமுமாகச் சிறிது திருப்ப, மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் கையை வைத்துப் பார்க்குக. கோல் அசைந்தும் கை அசையாதிருப்பின் அம்மூட்டுத் தேய்ந்தது. அதனைச் சுத்தியலால் அடித்து இறுக்குதலும், கம்பியாற் கட்டுதலும், ஒட்டவைத்தலும் ஆகா. மூட்டுக் கழன்றால் அச்சக்கரம் ஓட்டுநரின் ஆளுகைக்கு அப்பாற்பட்டுவிடும். புதியதே இடுதல் வேண்டும்.

ஐந்தாவது, நடு ஆணி. முன்பகுதியை உயர்த்தித் தாங்கிவைத்து, அச்சின் நடுவைப் பாரைக்கோலால் மேலும் கீழும் நெம்புக. அசைவு மிகுந்திருப்பின் ஆணியையும் புஷ்ஷையும் மாற்றுக. வீதியில் அலைதலுக்கு இது பலரும் கவனியாத காரணமாகும்.

ஆறாவது, சுக்கான் பெட்டி. மேற்கூறிய யாவும் சரியாயிருந்தும் தளர்வு நீங்காவிடின் பெட்டியைக் கவனிக்குக. முதலில் அதனைத் தாங்கும் போல்ற்றுகளையும், அதிலிருந்து இறங்கும் கைகளின் நட்டுகளையும், ஒயில் மட்டத்தையும் பார்க்குக. பெட்டியினுள் தேய்வு நடுப்பாகத்திலேயே அதிகம். இயந்திரம் பெரும்பாலும் நேராகச் செல்வதே இதற்குக் காரணம். நடுவிலுள்ள தளர்வு முற்றாக நீங்கும்வரை இறுக்கினால், தேயாத ஓரங்களிற் சுக்கான் இறுகிப்பிடிக்கும். திருப்பத்தில் இவ்வாறு இறுகுதல் தளர்விலும் ஆபத்தானது. ஆகவே சிறிதளவே இறுக்கி, இரு கோடிவரையும் திருப்பிப் பார்க்குக. அப்பொழுதும் குறை நீங்காவிடின் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் பெட்டியை ஒப்படைக்குக.

சக்கரங்களை நேர்ப்படுத்தல்

முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் சிறிது உட்சாய்ந்து நிற்றல் வேண்டும். சுக்கானை நடுவில் வைத்து, இரு வளையங்களின் உட்புறத்திலும் பின்பக்கமாக, குடத்தின் நடு மட்டத்திற் சோக்கினாற் குறியிட்டு இடைத்தூரத்தை அளக்குக. பின்னர் அக்குறிகள் முன்பக்கம் வரும்வரை இயந்திரத்தை முன்னே தள்ளி, மீண்டும் அளக்குக. இரண்டாவது அளவு முதலாவதற்குச் சமமாகவோ, 6 மில்லிமீற்றர்வரை குறைந்ததாகவோ இருத்தல் பல இயந்திரங்களுக்குப் பொருந்தும். உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு கூறப்படின் அதனையே கொள்ளுக. இரு கோல்களுள்ள இயந்திரத்தில் இரண்டையும் சம அளவாகவே நீட்டவோ குறைக்கவோ வேண்டும்.

அகலத்தையும் உயரத்தையும் மாற்றுதல்

மிளகாய், வெங்காயம் முதலிய பயிர்களின் வரிசைக்கேற்ப முன்சக்கரங்களை அகலப்படுத்தும் கமக்காரர், இருபக்கமும் சம துவாரங்களைத் தெரிந்து பூட்டுக. அதன்பின் நேர்ப்படுத்தலை மீண்டும் சோதிக்காது வீதிக்குச் செல்லலாகாது.

சேற்றுக்கும் பயிருக்கும் மேலாக நிற்கும்படி, பெரிய ரயர் பூட்டியோ இரும்புத் துண்டுகளை இடையில் வைத்தோ முன்பகுதியை உயர்த்துதல் நன்றன்று. இடைத்துண்டு வைத்தால் கோல்களின் சாய்வு மாறி, அச்சு அசையுந்தோறும் சக்கரங்கள் தாமாகவே திரும்ப முற்படும். மூட்டுகளும் விரைவில் தேயும். எவ்வாறு உயர்த்தினும் வரம்பிலும் சரிவிலும் இயந்திரம் கவிழும் ஆபத்துக் கூடும். முன்சக்கரமும் இயங்கும் இயந்திரங்களில் முன், பின் ரயர்களின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாவிடிற் பற்சக்கரங்களும் சேதமுறும்.

வளைந்த உறுப்புகள்

வரம்பில் வேகமாக மோதுவதால் அச்சோ தண்டோ கோலோ வளையலாம். அவற்றை நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்துதலும் ஒட்டுதலும் உருக்கின் வலிமையைக் கெடுக்கும். அத்தகைய உறுப்பு பின்னொருநாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். புதிய உறுப்பின் விலை பெரிதாயினும், உயிரின் விலை அதனிலும் பெரிது.

நாளாந்தப் பாதுகாப்பு

சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு நாளும் முன்பகுதியைக் கழுவி, ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய சேற்றுக் கிறீஸ் வெளிவந்து புதியது தோன்றும்வரை கிறீஸ் செலுத்துக. வரம்பைக் குறுக்காக, மெதுவாக, நேரே கடக்குக. இழுவைப் பெட்டியை அதற்குரிய கொளுவியிலேயே பூட்டுக. உயரத்திற் பூட்டினால் முன்சக்கரம் இலேசாகிச் சுக்கானுக்கு அடங்காது, இயந்திரம் பின்புறமாகவும் கவிழலாம். முன்சக்கர இயக்கத்தைத் தார்வீதியில் நிறுத்திவிடுக.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் அரைநாளை இச்சோதனைக்கு ஒதுக்குக. தேய்ந்த மூட்டு கொட்டிலில் நிற்கும்போதே கண்டுபிடிக்கப்படின், அதற்கு ஒரு புதிய மூட்டின் விலையே செலவாகும். குளக்கட்டின்மீது அது கழன்றால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்தல் இயலாது.