கமராவும் அச்சுப்படமும்

குழுப்படத்திற் பின்வரிசையில் நின்றோரின் தலை அச்சிலே வெட்டுண்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். இதற்குக் காரணம் யாது?

சிறிய டிஜிற்றல் கமராக்கள் பெரும்பாலும் 4:3 என்னும் விகிதத்திற் படம் பிடிப்பன. 6 அங்குல அகலத்தில் அப்படத்திற்கு 4½ அங்குல உயரம் வேண்டும். வழக்கமான தாளோ 6க்கு 4 அங்குலமே. தாள் நிரம்ப அச்சிடுங்கால் உயரத்தில் ஒன்பதிலொரு பங்கு கழிந்துவிடும்.

ஆதலின், பிடிக்குமுன்னரே கமராவின் விகிதத்தை 3:2 என அமைத்தல் வேண்டும். அவ்வசதி இல்லையெனில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடுக. முன்னரே பிடித்த படமாயின், இருபக்கமும் வெள்ளை விட்டு முழுமையாக அச்சிடுவிக்க. படப்புள்ளிகள் 1800க்கு 1200 இருப்பின் அங்குலத்துக்கு 300 ஆகும். தெளிவுக்கு அது போதும்.

நண்பரொருவர் மறைந்தபின் அவர் முகத்தை நாம் தேடுவது அவ்வச்சுப்படத்திலன்றோ?