புதுக்குடி புகுதல்: மணம் நிச்சயமானவர்க்கு ஒரு பாடம்

நிச்சயதார்த்தத்திற்கும் திருமணத்திற்கும் இடையே கிடைக்கின்ற சில திங்கள் காலத்தை நம் குடும்பங்கள் பெரும்பாலும் பத்திரிகை அச்சிடுதல், புடவை எடுத்தல், மண்டபம் பேசுதல் ஆகியவற்றிலேயே செலவிட்டு விடுகின்றன. மணமக்கள் குடியேறப் போகும் ஊரைப் பற்றிய பேச்சு, வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்னும் அளவோடு நின்றுவிடுகிறது. முற்காலத்தில் இஃது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. வந்தவாசிப் பக்கத்துப் பெண் ஆரணிப் பக்கத்துக்கோ திண்டிவனத்துப் பக்கத்துக்கோ வாழச் சென்றாள். சென்ற ஊரிலும் ஜினாலயம் இருந்தது. அந்திக்கு முன் உணவு முடிக்கும் தெருவும் இருந்தது. அவள் எதையும் எவர்க்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நம் இளைஞர்கள் வேலை அழைக்கும் ஊருக்கெல்லாம் செல்கின்றனர். அவ்வாறு செல்லத்தக்க ஊர்களுள் ஒன்றாகக் கோவில்பட்டியை இப்பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம். கரிசல் நிலத்தின் நடுவே, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையில், இருப்புப்பாதையை ஒட்டி வளர்ந்த ஊர் அது. நூற்பாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் அதனை வளர்த்தன. 1901இல் தொடங்கப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும், 1984இல் தோன்றிய நேஷனல் பொறியியற் கல்லூரியும் அங்கு உள்ளன. திண்டிவனத்திலிருந்து 400 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவு. இரவு ரயிலேறி விடியலில் இறங்கும் இளந்தம்பதியர், தம் மரபை அறிந்த ஒரு முகத்தையும் அங்குக் காணாமல் இருக்கக்கூடும். அந்நிலையில் அவர்கள் செய்யத்தக்கது யாது?

இதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று நம் கையிலேயே இருக்கின்றது. சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையாகவும் நீதியின் கதையாகவும் நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஓர் இளந்தம்பதியர் அறியாத நகரில் குடியேற முயன்ற கதையாகவும் அதனை ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

கோவலனும் கண்ணகியும் அமைத்த வீடுகள் இரண்டு. முதல் வீடு புகாரில். மணம் முடிந்தபின் கோவலனின் தாய், மணமக்கள் தனியே இல்லறம் நடத்தப் பொருளும் பணியாளரும் நிறையத் தந்து அதனை அமைத்தாள். இன்றைய சீர்வரிசை எல்லாம் அதற்கு ஈடாகா. அவ்வீடு என்ன ஆயிற்று என்பதை யாவரும் அறிவர். இரண்டாம் வீடு மதுரையில், ஆயர் குடியிருப்பில், செம்மண் பூசிய ஒரு சிறு இல்லம். அதில் அவர்கள் ஒருநாட்பொழுதே வாழ்ந்தனர். எனினும் கணவனும் மனைவியுமாக அமர்ந்து மனம் ஒன்றிய ஓர் உணவைக் காப்பியம் நமக்குக் காட்டுவது அச்சிற்றிலில்தான்.

அவ்வீட்டை அமைத்துத் தந்தவர் இருவர். ஒருவர் நம் சமயத் துறவியாகிய கவுந்தியடிகள். மற்றொருவர் நம் சமயத்தைச் சாராத இடைக்குல மூதாட்டி மாதரி. மதுரைக்குப் புறத்தே துறவோர் தங்கும் புறஞ்சேரியில் இல்லறத்தார் தங்குதல் தகாது என்றும், ஞாயிறு மறையுமுன் நகருக்குள் சென்றுவிட வேண்டும் என்றும் கவுந்தியடிகளும் மாடலனும் கோவலனுக்கு உரைக்கின்றனர். அவ்வேளையில் அங்கு வந்த மாதரியிடம் கவுந்தியடிகள் இருவரையும் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அப்போது அவர் கூறும் கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. இவன் தந்தையின் பெயரைக் கேட்டால் இந்நகரத்து வணிகர் அரும்பொருள் பெற்றவர்போல் மகிழ்ந்து தம் இல்லத்திற்கு அழைத்துக்கொள்வர். அதுவரையில் உன்னிடம் இருக்கட்டும் என்பது அதன் பொருள். அடைக்கலம் இடைக்கால ஏற்பாடே. அதன்பின் நிகழ வேண்டியிருந்தது அறிமுகம்.

மாதரி செய்தது அதனினும் நுட்பமானது. கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதை உணர்ந்து, பகற்பொழுதில் உண்பதற்குரிய உணவைக் கண்ணகியே சமைத்துக்கொள்ளும்படி புதிய கலங்களைத் தருவிக்கிறாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனாராக முறைசொல்லித் துணை வைக்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், அரிசி, பால் ஆகியவை வருகின்றன. அவற்றுள் ஒரு கிழங்கும் இல்லை! நோன்பின் காரணத்தை மாதரி ஆராயவில்லை, வாதிடவும் இல்லை. இன்னது வேண்டும் என அறிந்தாள், கொடுத்தாள். பிற சமயத்தார் நம் விரதத்திற்கு இடையூறாவர் என்று அஞ்சிக்கொண்டே வீடு தேடுவோர் இப்பகுதியை மீண்டும் படிப்பாராக.

மறுநாள் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு தனியே அங்காடிக்குச் செல்கிறான். தந்தை மாசாத்துவானின் பெயரை நகரத்து வணிகர் எவரிடமும் அவன் சொல்லவில்லை. அவனை இன்னான் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் அக்கடைத்தெருவில் இல்லை. பொற்கொல்லன் ஒருவனுடைய சொல்லே அவனைப் பற்றிய முதற்சொல்லும் முடிவுச்சொல்லும் ஆயிற்று. ஊழ்வினையே காரணம் எனக் காப்பியம் கூறுவதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வினை பயன் தருவதற்கும் ஒரு வாயில் வேண்டும். இங்கு அவ்வாயில், அறிமுகம் நிகழுமுன் வாணிகம் நிகழ்ந்தமையே என நாம் கருதுகிறோம்.

இனிக் கோவில்பட்டிக்கு வருவோம். வீடு பார்க்கச் செல்லும்போது இரு வீட்டுப் பெரியவர்களும் உடன் செல்லுதல் நன்று. அவர்கள் செல்வது சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு மட்டுமன்று. (அதுவும் வேண்டியதே. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிப்பது. அடித்தளம் ஆழமாகப் போடாத வீட்டில் சுவர் விரியும்.) வீட்டுக்காரரிடம் குடும்பத்தின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றோடு, 'நாங்கள் சமணர், பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவோம், புலால் இல்லை, இன்னின்ன காய் சமைப்பதில்லை' என்பதையும் முன்பணம் கொடுக்குமுன்பே வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். கூச்சத்தால் மறைத்துப் பின்னர் ஒவ்வொரு அழைப்பிற்கும் ஒரு பொய்க்காரணம் சொல்லுவோரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களால் இரவுணவு விரதமும் கெடுகிறது, வாய்மை விரதமும் கெடுகிறது. தென்பாண்டி மக்கள் முறைசொல்லி அழைப்பதில் தாராளமானவர்கள். கடைக்காரர் 'அண்ணாச்சி' ஆவார். அண்டைவீட்டுப் பெண்மணி 'மதினி' என்று அழைக்கப்படுவதை விரும்புவார். நம் பக்கத்து 'அண்ணி'யை அங்கே மாற்றிக்கொள்வதில் இழப்பொன்றும் இல்லை.

வெளியாரிடம் சொல்லுமுன் இருவரும் தமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இதுவே இப்பாடத்தின் கடினமான பகுதி. மணமகன் சில ஆண்டுகளாகவே அவ்வூரில் தனித்திருந்து, உணவு விடுதியில் இரவு எட்டு மணிக்கு உண்டு பழகியவனாக இருக்கலாம். மணமகள் பாட்டியிடம் வளர்ந்து அந்தி உணவை அறியாதவளாக இருக்கலாம். இதற்கு மாறாகவும் இருக்கலாம். பெண் பார்க்கும் நாளில் இதனை எவரும் கேட்பதில்லை. திருமணமான முதல் வாரத்தில், அவள் ஐந்து மணிக்குச் சமைத்து வைத்த உணவை அவன் எட்டு மணிக்கு உண்ண அமரும்போதுதான் இது வெளிப்படுகிறது. அதன்பின் அவள் கேட்டால் குறைகூறுதல் ஆகிறது. கேளாதிருந்தால் உள்ளத்தில் புண்ணாகிறது. ஆதலின் நிச்சயமான பின் தொலைபேசியில் பேசும் பேச்சுகளுள் ஒன்றேனும் இதைப் பற்றியதாக இருக்கட்டும். குடும்பத்தின் விரதம் அனைத்தையும் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, அவள் நோற்றால் போதும் என்று ஆண் ஒதுங்கிக்கொள்வது நம் வீடுகளில் வளர்ந்து வரும் வழக்கம். இது விரதமாகாது. முழுமையாக இயலாதெனின், இயன்ற அளவை இருவரும் கூடி வரையறுத்து, அந்த அளவில் வழுவாமல் நிற்பதே சிராவக நெறிக்கு ஏற்றது.

இதில் நேரக் கணக்கும் உண்டு. நம் வீடுகளில் தொங்கும் நாட்காட்டியில் உதய அஸ்தமனங்கள் பெரும்பாலும் சென்னைக்குக் கணித்தவை. கோவில்பட்டி அதற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ளது. கார்த்திகைத் தொடக்கத்தில் அங்கு ஞாயிறு மறைவது மாலை 5.55 மணியளவில், சென்னையைவிடக் கால் மணிநேரம் பிந்தி. ஆடித் தொடக்கத்தில் 6.40 மணியளவில் மறைகிறது. அப்போது மாலையில் வேறுபாடு மிகச் சிறிது, ஆனால் காலை உதயம் கால் மணிநேரம் பிந்துகிறது. அஸ்தமனத்திற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உணவை முடிப்போர்க்குக் கார்த்திகையில் 5.07 எல்லையாகிறது. அலுவலகமோ ஆலையோ அதற்குள் விடுவதில்லை. ஆகவே மாலை உணவும் காலையிலேயே அடுக்குப் பாத்திரத்தில் செல்ல வேண்டும். நாலரை மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். கேட்டால் மறுப்போர் குறைவு. கேட்பதற்குத்தான் நம்மவர்க்குத் துணிவு வருவதில்லை.

தண்ணீர்க்கு வருவோம். கரிசற்பூமியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. குடிநீர் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகிறது. வரும்போது பிடித்துத் தேக்கிவைக்கும் பழக்கம் அங்கு வீடுதோறும் உண்டு. இரட்டை மடிப்புத் துணியில் வடித்த நீரானாலும் நாட்கணக்கில் திறந்து கிடந்தால் அதில் மீண்டும் உயிர்கள் தோன்றும். எனவே மூடிவைத்தலும், குடிக்குமுன் மறுமுறை வடித்தலும் வேண்டும். வடுநீரை எடுத்த இடத்திலேயே விடுக என்பது கிணற்றுக் காலத்து விதி. குழாய்நீர்க்கு அது பொருந்தி வராது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியவுடன் ஈசல் கிளம்பும். அந்நாட்களில் வாயில் விளக்கை அணைத்து வைத்தல் சிறு செயல். அதனால் காக்கப்படும் உயிர்களோ பல.

வீட்டுப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தை மேற்கொள்ள, காலியான வீட்டில் நுழையும் நாளைவிடச் சிறந்த நாள் வேறில்லை. நிறைந்த வீட்டில் எதனை விடுவது என்று எண்ணுவது கடினம்; வெறுமையான வீட்டில் எது வேண்டும் என்று எண்ணுவது எளிது. மணமக்கள் இருவரும் கலந்து ஒரு தாளில் எழுதி, சீர் கொடுக்கும் பெற்றோரிடம் அதனை முன்கூட்டியே தந்துவிடலாம். மாதரி தந்த கலங்கள் எத்தனையோ நாம் அறியோம். ஒரு வேளை உணவுக்குப் போதியவையாக இருந்தன.

மற்றொன்று, பலர் மறந்துவிடுவது. வீட்டில் மூத்தோர் எவரேனும் திசைவிரதம் ஏற்றிருந்தால், அவர்கள் வரைந்த எல்லை எது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். இன்ன ஆற்றுக்குத் தெற்கே செல்வதில்லை என்று உறுதி பூண்ட பாட்டியார், பேரனின் புதுமனைக்கு வர இயலாது. அதனை அறியாமல் அவரை வற்புறுத்துவதும், வராததற்கு வருந்துவதும் பொருந்தாது. முதல் விழாவிற்கு மணமக்களே ஊருக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அருகில் ஜினாலயம் இல்லாத ஊரில் குடியிருப்பது எங்ஙனம் என்று பெற்றோர் வருந்துவர். கோவில்பட்டிக்குச் செல்வோர்க்கு ஒரு பேறு உண்டு. மேற்கே, சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை இருக்கிறது. கல்வெட்டுகளில் திருநெச்சுரம் என வழங்கும் அவ்விடத்தில், முற்காலப் பாண்டியர் காலத்தில், 8, 9ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி, பாறை நெடுகத் தீர்த்தங்கரர் திருமேனிகளும், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை, பத்மாவதி உருவங்களும் செதுக்கப்பெற்றன. கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: இன்ன ஊர், இன்ன ஆசிரியரின் மாணாக்கர், இன்னார் செய்வித்த திருமேனி. தச்சரும் குயவரும் கொல்லரும் அவர்களுள் உண்டு. மறைந்த உறவினர் பொருட்டுச் செய்வித்தவையும் உண்டு. குரத்தியர் எனப்படும் பெண் துறவியர் ஆசிரியராகவும் மாணாக்கராகவும் பலமுறை குறிக்கப்படுகின்றனர். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள், தாம் யார், எங்கிருந்து வந்தோம், எவரிடம் கற்றோம் என்பதைப் பாறையிலேயே எழுதி அறிமுகம் செய்துகொண்டனர். கோவலன் மதுரை அங்காடியில் சொல்லாமல் விட்ட செய்திகளும் இவையே.

பாறை வெயிலில் விரைந்து சுடுமாதலால் காலையிலேயே ஏறுதல் நன்று. சிற்பங்களின் மேல் எண்ணெயோ குங்குமமோ பூசாமல், தொடாமல் வணங்கி வரல் வேண்டும். அக்கல்வெட்டுகளில் வரும் குரத்தியருள் திருச்சாரணத்தைச் சேர்ந்தவரும் இருக்கின்றனர். திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. கோவில்பட்டியிலிருந்து அதிகாலை ரயிலில் நாகர்கோவில் வரை சென்று, பேருந்தில் மார்த்தாண்டம் வழியாக அங்குப் போய்ப் பகலிலேயே வணங்கலாம். மாலை உணவை மட்டும் கட்டிக்கொண்டு செல்ல வேண்டும்.