ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால்...

2016 மார்ச் மாதத்தில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சுற்றிலும் குடியிருப்புகள், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. இப்படி நடந்தால் "யாரோ விஷம் கலந்துவிட்டான்" என்றுதான் நாம் முதலில் பேசுவோம். சில சமயம் அந்தப் பேச்சு ஒரு மீன் குத்தகைதாரர் மீதோ பக்கத்துத் தெருக்காரர் மீதோ போய் விழும். அல்சூரில் காரணமாகச் சொல்லப்பட்டவை கழிவுநீர், வெயில், இரண்டாலும் குறைந்துபோன ஆக்சிஜன்.

மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை. 20 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. சாக்கடை கலந்தால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சாக்கடையின் சத்தில் பாசியும் பெருகும். (நாம் ஆசையாகப் போடும் பொரியும் ரொட்டியும்கூட அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன.) பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஃபஜ்ரு நேரத்தில்தான் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும்.

அந்நேரம் பள்ளிக்குப் போகிறவர்கள் ஏரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? பெரிய கெண்டைகள் செத்து, காற்றையே சுவாசிக்கக்கூடிய விராலும் தேளியும் பிழைத்திருக்கின்றனவா? அப்படியானால் மூச்சுத் திணறல் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். சிறிது பெரிது பாராமல், விரால், தவளை, நண்டு என்று எல்லாம் ஒன்றாகச் செத்துக் கிடந்தால் நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும்.

தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் உண்பதில்லை. ஷாஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. ஆனால் இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எதனால் செத்தது என்று தெரியாத மீனை உண்பது உடலுக்குக் கேடு. விற்பது பிறருக்குச் செய்யும் தீங்கு. கையுறை அணிந்து வலையால் அள்ளி, ஏரியை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். விட்டுவைத்தால் அழுகி, மிச்ச ஆக்சிஜனையும் குறைக்கும். நாற்றத்துக்காக பிளீச்சிங் பவுடர் போட்டால் பிழைத்த மீன்களும் சாகும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் உடனே சொல்லுங்கள். அதிகாரி வரும்வரை காத்திராமல் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஐஸில் வைத்து, நேரத்தை எழுதிவைக்க வேண்டும்; நஞ்சைச் சோதிக்க அது உதவும். ஆக்சிஜனை மட்டும் கரையிலேயே கருவி வைத்து அளக்க வேண்டும், அதுவும் விடியற்காலையில். வெயில் ஏறினால் பாசி மீண்டும் ஆக்சிஜன் தர ஆரம்பித்துவிடும். மதியம் வந்து அளப்பவருக்கு ஏரியில் ஒரு குறையும் தெரியாமல் போகலாம்.