கேட்பது இன்னதென்று முதல் வரியில்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுங்கால், ரொக்கப் புத்தகத்திற்கு அடுத்தபடி நாம் கேட்டு வாங்குவது கடிதக் கோப்பு. சங்கத்தின் நஷ்டம் பல வேளைகளில் கணக்கில் தோன்றுவதற்கு முன்னரே கடிதத்தில் தோன்றிவிடுகிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கண்டதைக் கூறுவோம். தியாகராய நகர்க் கடைக்காரர் ஒருவர், அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக 24 பட்டுச் சேலைகள் வேண்டுமெனத் தொலைபேசியில் தெரிவித்தார். காரியதரிசி அரை மணி நேரம் பேசினார். மழை, பட்டு நூல் விலை, கடைக்காரர் மகளின் கல்யாணம் யாவும் பேசப்பட்டன. “கரை கொஞ்சம் அகலமாகவே இருக்கட்டும்” என்றார் கடைக்காரர். “அப்படியே செய்துவிடலாம்” என்றார் இவர். சங்கத்தாருக்கு அகலம் என்றால் ஐந்து அங்குலம். கடைக்காரர் மனத்தில் இருந்ததோ ஒன்பது. கோர்வைச் சேலை மூன்று நாடாக்களைக் கொண்டு, நெசவாளரோடு உதவியாள் ஒருவரும் அமர்ந்து நெய்வது. ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். அவ்வாறு நெய்த 24 சேலைகளில் 19 திரும்பி வந்தன. எட்டுத் தறிக்காரர்களுக்குத் தீபாவளிக்குக் கூலி முழுமையாகக் கிடைக்கவில்லை. பொய் சொன்னவர் எவருமில்லை, ஏமாற்றியவரும் இல்லை என்பதே நமக்கு இன்றும் உறுத்துகிறது.

அளவைச் சொல்லில் விடாமல் பொருளிலேயே காட்டிய நல்ல உதாரணம் ஒன்று அடையாற்றில் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் அங்கே கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்து, அடுத்த ஆண்டே நெசவுப் பகுதியையும் ஏற்படுத்தினார். அவர் விரும்பியவை அருகிவந்த பழைய அகலக் கரைகளும் நிறச் சேர்க்கைகளும். பழஞ்சேலைகளையே மாதிரியாகக் கொண்டு அங்கே நெய்தனர். மாதிரித் துணி தறியருகே இருக்கும்போது ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு வேலையில்லை.

இந்நாளில் கைப்பேசியில் படம் அனுப்பிவிட்டோமே என்பர் சிலர். திரைக்குத் திரை நிறம் மாறும். படத்தில் அங்குலமும் தெரியாது. சாயமிட்ட நூலில் ஒரு சாண் வெட்டித் தபாலில் அனுப்புவதே மேல்.

க்ஷேம சமாசாரம் விசாரிப்பதை விட்டுவிடுமாறு நாம் சொல்லவில்லை. அது நம் வழக்கம், வியாபாரத்திற்கும் உகந்தது. ஆனால் பேசி முடித்ததும் அன்றே ஒரு கடிதம் போகவேண்டும். “24 சேலைகள். உடல் அரக்கு, கரை பச்சை, இருபுறமும் 9 அங்குலக் கோர்வை. நூல் மாதிரி இத்துடன் உள்ளது. இவ்வாறே நெய்யலாமா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். தெரிவித்த பின்னரே பாவைத் தறியில் ஏற்றுவோம்.” இவ்வளவு போதும். கடைசிக்கு முந்தைய வாக்கியமே இதில் முக்கியம். கடிதம் பெறுபவர் என்ன செய்யவேண்டும், எப்பொழுதுக்குள் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

விளைவிப்போர்க்கும் இது பொருந்தும். மயிலாப்பூர்க் கல்யாணச் சமையற்காரருக்கு ‘பத்துக் கட்டு இலை’ என்று ஒப்புக்கொள்வது ஆபத்து. கட்டின் கணக்கு ஊருக்கு ஊர் வேறு. நுனி இலை இத்தனை எண்ணிக்கை என்று எழுதவேண்டும்.

இனி மனுக்கள். இரண்டு பக்கம் குறை எழுதி, ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’ என முடிக்கும் மனுக்கள் நம் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன. ஆவது எது என்று மனுதாரரே சொல்லாதபோது, குமாஸ்தா அதை ‘உரிய நடவடிக்கைக்கு’ என அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவார். அவரைக் குறைகூறி என்ன பயன்? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அலுவலகங்கள் பொதுவாக 30 நாட்களுக்குள் விடையளிக்கவேண்டும். ஆயினும் அச்சட்டம் தருவது கோப்பில் உள்ள தகவலையே. ‘எங்களை ஏன் வஞ்சிக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குக் கோப்பில் விடை இராது. ‘எங்கள் சங்கத்தின் தள்ளுபடி மானியக் கோரிக்கை எந்தத் தேதியில் எவரிடம் சென்றது?’ என்று கேட்டால் விடை இருக்கும்.

பொதுக்குழுவில் பேசும் அங்கத்தினர்களும் எழுந்திருக்குமுன் தம் கோரிக்கையை ஒரு தீர்மானமாக எழுதிப் பார்த்துக்கொள்ளலாம். எழுத வராவிட்டால், பேச வேண்டியது இன்னும் மனத்தில் முடிவாகவில்லை என்று பொருள்.

மேற்சொன்ன சங்கத்தில் இப்பொழுது தொலைபேசியருகே ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. காரியதரிசி அளவுகளை எழுதி, பேச்சை முடிக்குமுன் உரக்கப் படித்துக் காட்டுகிறார். தியாகராய நகர்க் கடைக்காரருக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்ததாம். சென்ற முறை அவர் படிக்க மறந்தபோது, “அங்குலத்தைப் படிக்கவில்லையே” என்று கடைக்காரரே கேட்டாராம்.