பழைய மொரிஸ் மைனருக்கு டெப்பட் பார்க்கும் முறை

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாகப் பெரகலைக்கு ஏறும் ஏ4 வீதியில் பழைய மொரிஸ் மைனர் இழுக்காமல் திணறினால், முதலில் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். வால்வுக்கும் ரொக்கருக்கும் நடுவிலுள்ள டெப்பட் இடைவெளியைப் பாருங்கள்.

948, 1098 சிசி எஞ்சின்களுக்கு அளவு 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பதே நல்லது.

ரொக்கர் மூடியையும் பிளக்குகளையும் கழற்றி, சமதரையில் டொப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை எண்ணுங்கள். எந்த வால்வ் முழுதாக அமுங்கியிருக்கிறதோ, அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். எட்டாவது அமுங்கியிருந்தால் முதலாவதைச் சரிசெய்யலாம், ஆறாவதென்றால் மூன்றாவது. இந்தக் கணக்கு ஒருபோதும் பிசகாது.

லொக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, ஃபீலர் கேஜ் இலேசான பிடிப்போடு நகரும்படி வையுங்கள். நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடும், ஆகவே மறுபடி அளப்பது கட்டாயம். தேய்ந்த ரொக்கரின் நுனியில் பள்ளம் விழுந்திருக்கும். கேஜ் அந்தப் பள்ளத்தின் மேலே பாலம்போல நிற்பதால் உண்மையான இடைவெளி கூடுதலாகவே இருக்கும். அப்படியான ரொக்கரை மாற்றத்தான் வேண்டும்.

சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகச் சிலர் அளவுக்கு மேல் இறுக்குகிறார்கள். அது பெரிய பிழை. இறுகிய எக்ஸோஸ்ட் வால்வ் சரியாக மூடாது, சூடு வெளியேற வழியின்றி மலை ஏறும்போது எரிந்துவிடும். கொஞ்சம் 'டக் டக்' கேட்டாலும் எஞ்சினுக்கு ஆபத்தில்லை.

ரொக்கர் மூடியைத் திரும்பப் பூட்டும்போது புதிய கார்க் கேஸ்கட் போடுங்கள்.